படத்துக்குக் கீழே எழுதியது

கன்னியம்மா வேலைக்கு மட்டம் போடுகிறவள் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்காரர் மூலம் துப்புரவு வேலை. ஒருநாள் வராவிட்டால் மறுநாள் துடைப்பம் வேறொருத்தி கையில் இருக்கும். அப்படிப்பட்டவள் அன்று காலை சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டு, "இன்னிக்கு வர மாட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மணவாள நகருக்கு பஸ் ஏறினாள். தன் மகளைப் படம் பிடித்த பெண் அங்கேதான் ஒரு கல்லூரியில் படிக்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

ஆறாவது படிக்கும் மகள் சோனியா மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருந்தாள். வயிற்றுவலி என்றாள். ஓமத்தண்ணிக்கும் கேட்காத வலி. கடைசியில் பக்கத்து வீட்டுச் செண்பகம்தான் தன் மகன் சொன்னதாக விஷயத்தை உடைத்தாள். குழந்தைத் தொழிலாளர் பற்றி சார்ட் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். பிள்ளைகள் போனில் தேடினார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை கிடைத்தது, அதில் சோனியாவின் படம். தலையில் கோணிப்பை, ஒரு கையில் தம்பி ரகு, பின்னால் பழைய இரும்புக்கடையின் தகர வேலி. கீழே, 'கழிவுப் பொருள் பொறுக்கும் சிறுமி, கும்மிடிப்பூண்டி' என்று எழுதியிருந்தது. மறுநாளே வகுப்பில் அவளுக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கோணிப்பையில் இருந்தது ரேஷன் அரிசி.

ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் வரதனிடம் படத்தைக் காட்டியபோது அவன் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "நெட்டுல போட்டத யாரு எடுக்க முடியும்? பேஜாரு புடிச்ச வேல. உடு, நாலு நாள்ல புள்ளைங்க மறந்துடும்" என்றான்.

"அதுங்க மறந்துடும். இவ மறக்க மாட்டா."

கன்னியம்மாவுக்கு அது தெரியும். சோனியாவின் வயதில் அவள் பெரியபாளையம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இருந்தாள். அப்பா மண் குழைக்க, அம்மா கல் அறுக்க, சுடாத பச்சைக்கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது இவள் வேலை. யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டில் போகும்போது கல்லடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பிள்ளைகளிடம் இதையெல்லாம் அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

கல்லூரியில் சுகிர்தா என்ற பேராசிரியை வந்த காரணத்தைக் கேட்டுக்கொண்டு அவளை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். படம் எடுத்த மாணவி திலகவதி ஓடி வந்தாள். கிராமத்தில் நெல் போடும் குடும்பத்துப் பெண். கன்னியம்மாவைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் விழித்தாள். தெரிய வழியும் இல்லை. அவள் படம் எடுக்க இவர்கள் காலனிக்கு வந்த நேரத்தில் கன்னியம்மா கம்பெனியில் இருந்தாள்.

பேராசிரியை பொறுமையாக விளக்கினார். ஆதரவில்லாத பிள்ளைகள், வேலைக்குப் போகிற பிள்ளைகள் பற்றியெல்லாம் அந்தக் கலைக்களஞ்சியத்தில் அரைகுறையாகக் கிடக்கும் கட்டுரைகளை எடுத்து, மாணவர்கள் சரியாக எழுதிச் சேர்க்க வேண்டும். அதுதான் இந்த வருஷப் பாடம்.

"கெட்ட எண்ணத்துல போடலக்கா" என்றாள் திலகவதி. "இந்தப் பசங்க நெலம நாலு பேருக்குத் தெரியணும்னுதான்..."

"தெரியட்டும் பாப்பா. நீ இன்னா எழுதிகிறேன்னு படி, கேக்கலாம்."

திலகவதி மடிக்கணினியைத் திறந்து படித்தாள். ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்கள், பாதியில் நின்ற படிப்பு என்று போய், செங்கல் சூளை என்ற சொல் வந்ததும் கன்னியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"நாங்களா எதுவும் எழுதக் கூடாதுக்கா. புத்தகத்துல, பேப்பர்ல வந்திருக்கணும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்டணும்."

"எம்பொண்ணு குப்ப பொறுக்கறான்னு எந்தப் பேப்பர்ல வந்துச்சி?"

திலகவதி பேராசிரியையைப் பார்த்தாள். அவர் பார்வை மேசைமேல் இருந்தது. "நானும் இதைக் கேட்டிருக்கணும்மா" என்றார்.

அங்கேயே கட்டுரையிலிருந்து படத்தைத் தூக்கினாள் திலகவதி. கலைக்களஞ்சியத்தின் படக்கிடங்கிலிருந்தும் அழிக்கச் சொல்லி, காரணத்தோடு ஒரு வேண்டுகோள் எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்துப் போட்ட படம் அது. வேறெங்காவது யாராவது எடுத்து வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கன்னியம்மா டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். கோபம் தீரவில்லை. ஆனால் அதை இறக்கி வைக்க இந்தப் பெண் தோதான ஆளாக அவளுக்குத் தோன்றவில்லை.

சில நாளில் திலகவதி போன் செய்தாள். எங்கோ இருக்கும் ஒரு நிர்வாகி வேண்டுகோளைப் படித்துப் படத்தை அழித்துவிட்டாராம். கன்னியம்மா பெருமையாக மகளிடம் போய்ச் சொன்னாள். சோனியாவின் முகம் தொங்கிப் போயிற்று.

"எடுத்துட்டாங்களா?"

"பின்ன? உங்கம்மா போய்க் கேட்டா எடுக்காம?"

"என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ? படம் நல்லாத்தாம்மா இருந்துச்சி. நானும் தம்பியும் சேந்தாப்ல வேற படம் ஏது நம்மூட்ல? கீழ எழுதுனதுதான் பொய். அத மாத்த சொல்லியிருக்கலாம்ல?"

கன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரைக் கேட்டு எழுதினாய் என்று ஒரு கல்லூரியையே கேட்டுவிட்டு வந்தவள், தன் பிள்ளையைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே திலகவதிக்குப் போன் போட்டாள். "அந்தப் படம் உங்கிட்ட கீதுதானே பாப்பா? எம்பொண்ணு கேக்கறா."

ஞாயிற்றுக்கிழமை திலகவதி படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு காலனிக்கே வந்துவிட்டாள். "உன்கிட்ட கேக்காம எழுதிட்டேன், சாரி" என்று சோனியாவிடம் நேராகச் சொன்னாள். சோனியா படத்தை வாங்கி, ரகுவின் மூக்கு ஒழுகியிருப்பதைக் காட்டிச் சிரித்தாள். பிறகு, "அந்தக் கட்டுரைல வேற இன்னாக்கா கீது?" என்று கேட்டாள்.

திலகவதி கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா தலையசைத்தாள்.

திலகவதி போனில் எடுத்து முதலிலிருந்து படித்தாள். செங்கல் சூளை வந்தது. இந்த முறை கன்னியம்மா நிறுத்தவில்லை. சூளையில் பெரியவர்களோடு பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள் என்று அந்த வரி முடிந்ததும், "நானும் செஞ்சிகிறேன்" என்றாள்.

சோனியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? எத்தினி வயசுல?"

"உன் வயசுதான்."

"ஸ்கூலுக்குப் போவலியா?"

"அதுக்கு மின்னாடி போனேன். அஞ்சாவது வரைக்கும்."

சோனியா விடவில்லை. கை வலிக்காதா, மழை வந்தால் கல் என்ன ஆகும், யார் அடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். கன்னியம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கல்லடுக்குக்குப் பின்னால் நின்றதையும் சொன்னாள். திலகவதி போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

திங்கட்கிழமை சோனியா பள்ளிக்கூடம் போனாள். பின்பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். "அது ரேஷன் அரிசிடா, உங்கூட்ல வாங்கறதில்லியா?" என்று கேட்டாளாம். சாயங்காலம் வந்து அதைச் சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.