புழுவுக்காக வளர்த்த செடி

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடித்தவர் அவர். தெருவில் அவருக்குக் 'கரப்பானுக்கு எமன்' என்றே பெயர். அப்பேர்ப்பட்டவரிடம் அவர் மனைவி புழு கேட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். ரத்தத்தில் வந்த நோய் அவளைப் படுக்கையறை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டது. டாக்டர் இந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் பேசினார். அதைத் தாண்டி வாய் திறக்கவில்லை.

"ஏங்க, பட்டாம்பூச்சி முட்டை வைக்கிற செடியா ஒண்ணு ஜன்னலுக்குக் கீழ வளத்துக் குடுங்களேன். புழு இலையத் தின்னுறதப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"என் பொழப்பையே கேலி பண்றியா?"

"கேலிதான். வளப்பீங்களா, மாட்டீங்களா?"

மறுநாளே விதை வாங்கி வந்தார். எருக்குக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் அழகுக்கு வளர்ப்பது. ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்து இருபது நாள் காத்திருந்தார். ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. நாற்றுப்பண்ணைக்கார அம்மா சிரித்தார். "குளிர்காலம் முடிஞ்சுதுன்னு நம்பினாத்தான் இது முளைக்கும். ஈரக் காகிதத்துல சுத்தி ஒரு மாசம் ஃப்ரிட்ஜுல வைங்க."

மனைவியின் ஊசிமருந்துக்கும் முட்டைக்கும் நடுவே விதைகள் ஒரு மாசம் குளிர்ந்தன. அதன்பிறகு முளைக்கவும் செய்தன. பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும் என்று, காகிதக் குழலில் வளர்த்துக் குழலோடு மண்ணில் இறக்கினார். அப்போது குழிக்குள் எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டார். பழகிய கை சும்மா இருக்குமா? மருந்துக் குருணை இரண்டு சிட்டிகை போட்டு மூடினார். இலையில் படவில்லை, புழுவுக்கு என்ன வந்தது என்று நினைத்தார். சுவர் இடுக்கும் சாக்கடையும் அவருக்கு அத்துப்படி. செடியைப் பற்றி எள்ளளவும் தெரியாது.

நாலாம் மாசம் பூத்தது. பட்டாம்பூச்சியும் வந்து முட்டையிட்டது. பொடிப் புழுக்கள் பதினொன்று வெளியே வந்தன. அவள் பூதக்கண்ணாடியோடு ஜன்னலில் சாய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பழைய மாணவர்களின் பட்டப்பெயரை வைத்தாள். அன்று மறக்காமல் இரண்டு வேளையும் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பதினொன்றும் இலையடியில் சுருண்டு கிடந்தன.

"என் பார்வை பட்டாலே எதுவும் தங்காதுபோல" என்றாள் அவள்.

குழியில் போட்ட குருணை அவருக்கு நினைவு வந்தது. புழுவுக்கு ஏதோ சீக்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொள்வதை அவரால் தாங்க முடியவில்லை.

"உன் பார்வை இல்லம்மா. என் கை. நடும்போது மண்ணுல மருந்து போட்டேன். வேர் குடிச்சு இலைக்கு ஏத்தியிருக்கு."

அவள் பூதக்கண்ணாடியை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"எல்லாத்தையும் வேரோட எடுத்துரணும். மண்ணையும் மாத்தணும். திரும்ப விதையிலேருந்து ஆரம்பிச்சா... அஞ்சாறு மாசம் ஆகும்."

அஞ்சாறு மாசம் என்றால் டாக்டர் சொன்ன வருஷம் தாண்டிவிடும். இருவருக்கும் அது தெரியும்.

"சரி, இருக்கேன்" என்றாள் அவள், கடைக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல.

அவர் செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, சத்தம் போட்டே அழுதார்.

"அழுது முடிச்சிட்டு மண்வெட்டிய எடுங்க" என்றாள் அவள். "வெயில் ஏறுது."