தாகம் எடுக்கும் ஃப்ரிட்ஜ்

தூத்துக்குடியில் தாகம் எடுத்தால் மனிதர்கள் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். இந்த டெல்லி வீட்டில் ஃப்ரிட்ஜுக்கே தாகம் எடுக்கிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் அதன் கதவில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். உள்ளே ஏதோ ஒன்று வறண்ட தொண்டையைச் செருமும். நான் நர்ஸ். இரவெல்லாம் வார்டில் தண்ணீர் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு காலையில் வீட்டுக்கு வந்தால், இரட்டைக் கதவு போட்ட இந்தத் துரை எனக்காகக் காத்திருப்பார். நோயாளிகளாவது குடித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இங்குள்ள குழாய் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். ஜனக்புரியில் எங்கள் சமையலறையில் இரண்டு குழாய்கள். ஒன்று மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவது. எப்போது திறந்தாலும் கொட்டும், அதனாலேயே அதற்கு மரியாதை கிடையாது. மற்றது தெருக்குழாயிலிருந்து நேராக வருவது, டைரக்ட் பானி. காலை ஒன்பதுக்கு மேல் ஒரு மணி நேரம் போல வரும். அதுவும் முதல் மாடியில் இருக்கிற நாங்கள் மோட்டார் போட்டு இழுத்தால்தான். குடிக்க அதுதான் உசத்தி என்று இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். என் கணவர் செல்வராஜும் செய்வார். அவருடைய பூர்வீகம் பாளையங்கோட்டை என்றாலும் பிறந்து வளர்ந்தது கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில். தொட்டித் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் வயிறு கெட்டுவிடும் என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம். ஆனால் அந்தப் புனித நீர் வரும் நேரத்தில் அவர் ஆபீஸில் இருப்பார், மகள் கல்லூரியில் இருப்பாள். ஆகவே இரவெல்லாம் விழித்த கண்ணோடு பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வைப்பது நான். பல வருடங்களாக இதுதான் வழக்கம்.

போன கோடையில் என் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைக் கண்டு அவருக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் மனிதர் கடைக்குப் போவார். குழாயோடு இணைக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி வந்தார். குளிர்ந்த தண்ணீரும் ஐஸ் கட்டியும் கதவிலேயே கொட்டும்.

"இனிமே நீ முழிச்சிருக்க வேணாம் மேரி. ஃப்ரிட்ஜே தண்ணி பிடிச்சுக்கும். நீ ஆராமா தூங்கு" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் தூக்கத்துக்காக ஒருவர் செலவு செய்தது அதுதான் முதல் தடவை.

பொருத்த வந்தவன் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தான். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளைக் குழலைக் காட்டி, எந்தக் குழாயில் கொடுக்கட்டும் என்று கேட்டான். தொட்டிக் குழாயில் வடிகட்டி வைத்துக் கொடுத்தால் எந்நேரமும் தண்ணீர் இருக்கும் என்றான். பாயசத்தில் உப்புப் போடச் சொன்னவனைப் பார்ப்பதுபோல செல்வராஜ் அவனைப் பார்த்தார். டைரக்ட் லைன்தான் என்று முடித்துவிட்டார். அவன் "ஜைசி ஆப்கி மர்ஸி" என்றான். உங்கள் இஷ்டம் என்று பொருள், எக்கேடோ கெட்டுப் போங்கள் என்பது தொனி. நான் டீ போட்டபடி நின்றேன். அவ்வளவு படித்த மனிதர் யோசிக்காமலா சொல்வார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

ஒரு மணி நேரம் வருகிற குழாயில், நாளெல்லாம் குடிக்கிற இயந்திரத்தைக் கட்டியாயிற்று. முன்பு பாட்டில்களுக்காக விழித்திருந்தவள், இப்போது துரைக்காக மோட்டார் போட்டு விழித்திருக்கத் தொடங்கினேன். தவறித் தூங்கினால் மாலையில் அவர் குவளையை நீட்டும்போது ஃப்ரிட்ஜ் காற்றை ஊதும். "ஏன், மோட்டார் போடலையா?" என்று என்னைக் கேட்பார்.

நான் ஊரை விட்டு ஓடி வந்ததே குழாயடியிலிருந்துதான். அந்த ஊரை நினைத்து உருகுகிற கூட்டத்தில் நான் இல்லை. தெருக்குழாயில் வரிசைக்கு வைத்த குடத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, பார்க்காததுபோல நிற்பாள் எதிர்வீட்டுக்காரி. வசதியானவர்கள் வீட்டுக்குள் அடிபம்பு வைத்து எங்கள் தண்ணீரை உறிஞ்சுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் முட்டி போடுவார்கள். நர்ஸ் வேலை கிடைத்து ரயில் ஏறியபோது, இனி என் ஆயுளில் குழாய்க்கு முன்னால் நிற்கமாட்டேன் என்று நினைத்தேன்.

ஒருநாள் மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறவில்லை. வெள்ளைக் குழலைப் பார்த்தேன். அதிலிருந்த தண்ணீரும் குமிழி விட்டுக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தரைத்தளத்து அரோரா வீட்டில் எங்களுடையதைவிடப் பெரிய மோட்டார் உறுமியது. சண்டை போடவே படியிறங்கினேன். கதவைத் திறந்த அரோராவின் மனைவி, வந்த காரணம் கேட்பதற்கு முன்பே தட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினாள். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் நீட்டுவது இங்கே மரியாதை.

"பானி பீஜியே, சிஸ்டர்ஜி."

என் வீட்டுத் தண்ணீர். தாகத்தில் அதை ஒரே மடக்கில் குடித்தேன். குடித்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மோட்டாரைப் பற்றிச் சொன்னதும் உள்ளிருந்து அரோரா, நீங்களும் பெரிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். ஊரில் அந்த எதிர்வீட்டுக்காரிக்கு இந்தி தெரிந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள்.

அன்றே தெருமுனையிலிருந்து ஒரு பிளம்பரைக் கூட்டி வந்து, வெள்ளைக் குழலைப் பிடுங்கி, நடுவில் ஒரு வடிகட்டி வைத்து, தொட்டிக் குழாயில் கொடுக்கச் சொன்னேன். தரையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனான். சிவப்பு விளக்கு அணைந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் செல்வராஜ் குவளை நிறையப் பிடித்துக் குடித்தார். கண்ணை மூடி ரசித்தார்.

"பாத்தியா மேரி, டைரக்ட் தண்ணி டேஸ்டே வேற. டேங்க் தண்ணியெல்லாம் இது பக்கத்துல நிக்குமா?"

"நிக்காதுல்லா" என்றேன்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். மோட்டார் போட வேண்டியதில்லை. எத்தனையோ வருடங்களாகக் கேட்ட தூக்கம் என் கட்டிலில் எனக்காகக் கிடந்தது. ஒன்பது மணிக்குக் குழாய்க்குள் காற்று புரளும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். படு என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. போய் மோட்டாரைப் போட்டு, பரணிலிருந்த சிவப்புக் குடத்தை எடுத்து, யாருக்கும் வேண்டாத அந்தக் குழாயின் கீழே வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் நிம்மதியாக ஐஸ் கட்டிகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. இருந்தும் குடத்தின் வாயிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.