கடப்பைத் தாண்டினால்தான் வேலை

என்ட மகன் நடக்கத் துடங்கின காலம். நான் வீட்டில இருந்து சட்டை தைக்கிறனான். மெசின் சத்தம் கேட்டாப் போதும், எங்க நிண்டாலும் ஓடி வந்து சில்லுக்குள்ள கையை விடுவான். ஒருநாள் ஊசி அவன்ட பெருவிரலில ஏறிற்று. அதுக்குப் பிறகு எனக்கு ஒரு தையலும் நேரா வரல்ல. ஒரு கண் சீலையில, ஒரு கண் அவனில.

வாவிக்கரைப் பக்கம் அரசாங்கச் செலவில புள்ளையளப் பாக்கிற இடம் ஒண்டு இருந்துது. வேலைக்குப் போற தாய்மாருக்கு மட்டும். நானும் வேலைதானே செய்யிறன் எண்டு போனா, வீட்டில தைக்கிறது கணக்கில இல்லையாம். வேலிக் கடப்பைத் தாண்டி வெளிய போகணுமாம். அப்ப இவ்வளவு காலமும் நான் மெசினோட விளையாடிக்கொண்டா இருந்தன்?

பக்கத்து வளவில என்ட மச்சாள், புருசன்ட தங்கச்சி. அவளும் தையல்காரி, அவளுக்கும் சின்னப் புள்ள. வேலிக்கு மேலால கதைச்சுக் கதைச்சு ஒரு வழி கண்டுபிடிச்சம். காலையில புள்ளையள அங்க விட்டுப்போட்டு அவள் என்ட வீட்டுக்கு வேலைக்கு வாறது, நான் அவள்ட வீட்டுக்குப் போறது. அவள்ட மெசின் ஒரு சனியன், சும்மா சும்மா நூலை அறுக்கும். எண்டாலும் புள்ளையளுக்கு இடம் கிடைச்சுது. ஆனா, வேலை செய்யிற இடத்துக்கு ஆள் வந்து பாத்துப்போட்டுத்தான் கடைசி முடிவு எண்டாங்க. அந்தச் சொல்லு என்னை இருக்க விடல்ல. றோட்டில சைக்கிள் மணி கேட்டாலும் எழும்பி எழும்பிப் பாப்பன்.

ஒருநாள் இடம் குடுக்கிற அரசாங்கக் கந்தோரால ஒரு மிஸ் குடையோட என்ட வீட்டுக்குப் போயிருக்கிறா. வீட்டுக்காரி எங்க எண்டு கேக்க, பொய் சொல்லத் தெரியாத என்ட மச்சாள், "அவ என்ட வீட்டுக்கு வேலைக்குப் போயிற்றா" எண்டு சொல்லியிருக்கிறாள்.

மிஸ் வேலியைச் சுத்தி என்னட்ட வந்தா. இடம் போச்சு, மகன் திரும்பவும் ஊசியடிக்கு வரப்போறான் எண்டே நினைச்சன். கொஞ்ச நேரம் நான் தைக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு, அவரவர் வீட்டில இருந்தாலும் இதே சட்டையத்தானே தைப்பீங்க எண்டு கேட்டா. ஓம் எண்டன். சிரிப்பை அடக்கினாவோ என்னவோ, "நீங்க வெளிய வந்து வேலை செய்யிறீங்க, எனக்கு அது போதும்" எண்டுபோட்டுப் போயிற்றா.

பின்னேரம் என்ட புருசன் வந்தார். பஸ்ஸில கொண்டக்டர் வேலை. போட்டிருந்த காக்கிச் சட்டையும் நான் தைச்சதுதான். சோத்தைப் போட்டுக்கொண்டே, புள்ளைக்கு இடம் உறுதி, நான் வேலை செய்யிறன் எண்டு கந்தோர் ஒத்துக்கொண்டிற்று எண்டன்.

"நீ வேலை செய்யிறது எப்ப துடங்கி?" எண்டு கேட்டார். பகிடிக்கு இல்ல, உண்மையாத்தான் கேட்டார்.