விழிஞ்ஞத்து டிராய்

சிந்து நதிப் பக்கம் மண்ணுக்கடியில் ஒரு பெரிய நகரம் கிடைத்ததென்று பத்திரிகைகளில் படம் வந்தாலும் வந்தது, எங்கள் ஆபீஸில் நிம்மதி போயிற்று.

திருவனந்தபுரத்தில் பழைய கல்லையும் மண்ணையும் பார்த்துக்கொள்ளும் அந்தச் சின்ன ஆபீஸில் நான் தற்காலிக குமாஸ்தா. நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தேன். எங்கள் அதிகாரிக்குத் தஞ்சாவூர் பூர்வீகம், திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. பாபிலோன், பாம்பேய், டிராய் என்று பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம், எங்களுக்கும் கிடைக்காது. வடக்கே ஒருத்தனுக்கு ஒரு நகரம் கிடைக்கும்போது தனக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். நகரம் வேண்டாமென்று எந்த அதிகாரி சொல்வார்?

அவர் தேர்ந்தெடுத்த இடம் விழிஞ்ஞம். ராஜாக்கள் துறைமுகம் வைத்து ஆண்ட பழைய ஊர் அது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ராஜதானி ஒரு மீன்காரியின் வீட்டுக் கொல்லையில்தான் புதைந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்த முறைதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடற்கரையோரம் நடந்தார். நாற்றம் கொஞ்சம் குறைந்த இடத்தில் நின்றார். எதிரே ஒரு கற்சுவர் இருந்தது. முடிந்தது ஆராய்ச்சி.

சுவரை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு வீடு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்த ஒருத்தி வெளியே வந்தாள்.

"இது எங்க மாமன் கெட்டின செவரு சாரே. மணலு பறந்து கருவாட்டுல விழாம இருக்க கெட்டினது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும் ஓய். கோட்டைச் சுவர். அதன் வயசு உள்ளூர் ஜனங்களுக்குத் தெரியவில்லை."

எழுதிக்கொண்டேன். மாமனார் கட்டிய சுவரின் வயசு மருமகளுக்குத் தெரியாதுதான். தோண்டுவதென்றால் வீட்டைப் பிரிக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. அவள் அழவில்லை. "எங்க போவேன் சாரே?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் உத்தரவு ஆகவில்லை, ஆபீஸ் கமிட்டிப் பெரியவர்கள் கூடிச் சம்மதிக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். அவர்கள் சம்மதிக்கக் கூடாது என்று திரும்பும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன்.

அந்தப் பெரியவர்களுக்காகத்தான் அதிகாரி ஒரு சாயங்காலம் பிரசங்கம் ஏற்பாடு செய்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, விளக்குப் பெட்டியில் கண்ணாடிப் படங்களைச் செருகி, உலகத்து மகா நகரங்களை வரிசையாகத் திரையில் காட்டி, கடைசியில் விழிஞ்ஞத்துச் சுவரை எடுத்த படத்தைக் காட்டுவதாகத் திட்டம். படங்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டியவன் நான். ஆபீஸில் பசை வாங்க வழியில்லாததால் வீட்டிலிருந்து சோற்றுப் பருக்கை கொண்டுபோய் ஒட்டினேன். ஆடி மாச மழைக்காலம். கரப்பான்பூச்சிகள் சோற்றைத் தின்று, கூடவே பாபிலோனையும் டிராயையும் தின்றுவிட்டன.

அதிகாரி தாமே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினார். ஒரு படத்தை எடுத்து, "இது டிராய்" என்றார். அதில் மீன்காரியின் கருவாட்டுச் சுவரும், ஓரத்தில் பாதித் தென்னைமரமும் இருந்தன.

"ஸார், இது வந்து..."

"டிராயைப் பற்றி நீர் எனக்குச் சொல்லித் தரப் போகிறீரா?"

வாயை மூடிக்கொண்டேன். பயம் பாதி. மீதிப் பாதி, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம். சபையில் வக்கீல்களும் ஜட்ஜுகளும் இருப்பார்கள். டிராயில் தென்னைமரத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதிகாரி மூக்கறுபடுவார், அந்த வீடு தப்பிக்கும். இந்தச் சாமர்த்தியம் என் மண்டைக்கு எட்டியதில் எனக்கு ஒரே பெருமை.

டிராய் வந்தது, தென்னையோடு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதி வைத்திருந்ததைத் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை லண்டன் போய்வந்த ஒரு ரிட்டயர்டு ஜட்ஜு பக்கத்திலிருந்தவரிடம், "கப்பலில் போகும்போது இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்" என்றார். கடைசியில் விழிஞ்ஞம் வந்தது. அதாவது, நிஜ டிராயின் சுவர் வந்தது. செதுக்கி அடுக்கிய கல், ஆள் உயரத்துக்கு மேல், திரை முழுக்க. சபை மூச்சை இழுத்து விட்டது.

"நம்ம ஊரிலிருந்து பத்து மைலில் இப்படியொன்றா?" என்றார் ஜட்ஜு. லண்டனுக்கு மூன்று தடவை போனவர், மீன் நாற்றத்துக்குப் பயந்து விழிஞ்ஞத்துக்கு ஒரு தடவையும் போகவில்லை. சபையில் வேறு யாரும் போனதில்லை. தோண்டச் சொல்லி அங்கேயே சம்மதித்தார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். விளக்கை அணைத்துப் பெட்டியைத் துடைத்தேன்.

மறு வாரமே வீட்டைப் பிரித்தார்கள். படம் காட்டிய திறமைக்காக அந்த மாசமே என் வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன்.

இரண்டு மாசம் தோண்டினதில் மீன் முள், சிப்பி, உடைந்த சட்டி கிடைத்தன. ஒரு பீங்கான் துண்டும் கிடைத்தது. சீன தேசத்து வியாபாரம் என்று அதிகாரி துள்ளினார். கழுவிப் பார்த்தால் அடியில் இங்கிலீஷ் எழுத்து. இன்னும் ஆழமாகத் தோண்டினால் நகரம் வரும் என்று அறிக்கை எழுதினார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் விழிஞ்ஞத்தை மறந்துபோனார்கள்.

மண்வெட்டிகளை எண்ணி எடுத்துவர என்னை அனுப்பினார்கள். குழி முழுக்கத் தண்ணீர் நின்றது. அவள் அண்ணன் வீட்டு ஓரத்தில் நாலு ஓலையைச் சாய்த்துக் குடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வல்லதும் கிட்டிச்சா சாரே?"

ஏதாவது கிடைத்ததா என்ற அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. போன வீட்டுக்கு ஏதாவது பலன் இருந்திருக்க வேண்டுமென்று அவள் நிஜமாகவே ஆசைப்பட்டாள். என்னால் தாங்க முடியவில்லை.

"கிடைத்தது. பெரிய பட்டணம். கோட்டை, அரண்மனை எல்லாம்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தண்ணீர் நின்ற குழியைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்கு அடியிலயா" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அங்க இருந்த ஆளுகள வீட்ட விட்டு ஆரு சாரே எறக்கி விட்டது?"