முன்னப்பின்ன நூற்றைம்பது அடி

"ஒத்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா இவ்ளோ இழுக்கற. நெசமாவே காலேஜுக்குத்தான் போனியாடி?"

அத்தை கேட்டது. இன்று காலை திண்டிவனத்தில் என் வாடகை வீட்டுத் தெருவில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி ஒன்று போனது. அந்த டீசல் வாடையோடு அத்தையின் குரலும் வந்துவிட்டது.

செஞ்சிப் பக்கம் மழை பொய்த்த வருஷம் அது. கிணறு வற்றி, மல்லாட்டைச் செடி கருகியது. (வேர்க்கடலைதான், எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.) நைனா மாடுகளை விற்று போர் போடத் துணிந்தார். நீரோட்டம் பார்க்க வந்தவர் மலையடியில் எங்கள் கொல்லை நிலத்தில் கம்பிகளை நட்டு, பெட்டியின் முள்ளைப் பார்த்துவிட்டு, "அப்ராக்ஸிமேட்லி நூத்தம்பது அடியில தண்ணி" என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அப்போது பி.ஏ. வேறு. "ஏறத்தாழ" என்றேன் மிடுக்காக. ஒருவருக்கும் விளங்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கு இறங்கி வந்தேன்.

"முன்னப்பின்ன இருக்கும், நைனா."

"முன்னன்னா சந்தோசம். பின்னன்னா எவ்ளோ பின்னம்மா?"

அந்தக் கணக்கு அந்த வார்த்தைக்குள் கிடையாது என்று விளக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அத்தை அப்படிக் கேட்டாள்.

நூற்றைம்பது அடியில் தண்ணீர் இல்லை, கல்மாவுதான் பறந்தது. செடிகள் மேல், நைனாவின் புருவத்தில், என் பின்னலில் எல்லாம் வெள்ளை. போர்க்காரர் நிறுத்தட்டுமா என்றார். "எம்பொண்ணு பின்னயும் இருக்கும்னு சொல்லியிருக்குது. ஓட்டு" என்றார் நைனா. முந்நூறுக்கு மேலும் மாவுதான்.

அந்த வார்த்தை மட்டும் ஊரில் தங்கியது. அனந்தபுரம் பஸ் வருமா என்றால், "அப்ராக்ஸிமேட்டா வரும்" என்பார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. நைனா சிரிக்கமாட்டார். சாயங்காலம் போர்க்குழாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைப்பார்.

"கேக்குதா, நைனா?"

"கேக்குற மாதிரி இருக்குது."

இப்போது அந்தக் குழாயும் இல்லை. கொல்லையை வாங்கியவர் பாறைக்காகத்தான் வாங்கினார். வெடி வைத்துக் கல் எடுக்கிறார்கள். கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். எனக்கு இங்கே வேலை கிடைத்ததும் நைனாவை அழைத்து வந்துவிட்டேன். வாசலில் முனிசிபல் குழாய் இருக்கிறது. அவர் அதைத் திறப்பதே இல்லை.

காலையில் அந்த லாரி சத்தம் அடங்கியதும் நைனா கேட்டார். "நம்ம ஊருக்கு எப்பம்மா போறோம்?"

"போலாம், நைனா."

"எப்பன்னு சொல்லு."

ரேஷன் கார்டை நேற்றே இந்த ஊருக்கு மாற்றிவிட்டேன்.