தோள் அளவு

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் என் தோள்பையின் வார் அறுந்துவிடுகிறது. தெருவோரத் தையல்கடையில் அதைத் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வந்த பெண்ணின் காலில் வாவிச் சேறு காய்ந்திருக்கிறது. நீல நிற முழுக்கைச் சேட்டொன்றை மேசையில் விரிக்கிறார்.

"தோளைப் பிடிச்சுத் தா தம்பி."

தையல்காரர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "அண்ணன் மீனுக்குப் போகக்குள்ள போடுற சேட்டெல்லோ அக்கா. ஞாபகத்துக்கு வையுங்க. உங்களுக்குப் புதுசு தைச்சுத் தாறன்."

"எண்ட மனுசன் செத்து ரெண்டு வருசமா அலுமாரிக்குள்ளதான் கிடந்திச்சு. பூச்சிதான் அரிக்குது. அவர்ட தோணியும் வலையும் நான்தானே கொண்டு போறன்? சேட்டு மட்டும் ஏன் சும்மா கிடக்கோணும்?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பிடித்துத் தைத்த பிறகும் அது அவருடைய சேட்டாகவே இருக்குமா என்று கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்புகிறார்.

"தொளதொளவெண்டு கிடந்தா வலை எறியக்குள்ள சிக்கும். அவர்ட சேட்டு இழுத்து நான் தண்ணிக்குள்ள விழோணுமா?"

தையல்காரர் அளவுக் கொப்பியைப் புரட்டி அந்த மனிதரின் பக்கத்தை எடுக்கிறார். பேரின் மேல் கோடு போடப் பேனை இறங்குகிறது.

"அவர்ட பேர் இருக்கட்டும். கீழ எண்ட அளவை எழுது."

முதுகைக் காட்டி நிமிர்ந்து நிற்கிறார். அளவுநாடா தோளில் நீள்கிறது.

"பதினாலரை, அக்கா."

"பதினஞ்சு போடு. தோணியில துடுப்பு வலிக்கிற தோள், இன்னும் விரியும்."