ஒற்றைக்காலில் முப்பது

என் அக்காவை எங்கள் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலுதவி அறையில் இருபத்திரண்டு வருட வேலை. பிளாஸ்டிக் வாளி செய்யும் இடத்தில் விரலை நசுக்கிக்கொண்டு வருபவர்களுக்குக் கட்டுப் போடுவது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் பின்புற மைதானத்தில் வாலிபால் ஆடும் கூட்டத்துக்குக் கட்டுப் போடுவாள். சம்பளம் கிடையாது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வாங்கித் தரும் டீ மட்டும் உண்டு, அதிலும் சர்க்கரை பாதிதான் இருக்கும்.

நான் அவளுடைய தம்பி. அதே தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். பஞ்சிலிருந்து வெள்ளை டேப் வரை என் கையெழுத்து இல்லாமல் அலமாரியை விட்டு நகராது. மைதானத்தில் ஸ்கோர் எழுதுவதும் நான்தான். அந்த மேஜையில் உட்கார்ந்தால் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. நடுவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் மின்மணியை அழுத்தலாம். அவ்வளவுதான் எனக்கு உள்ள அதிகாரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். டேப் சுற்றிக்கொண்டே அர்ச்சனை நடக்கும். "மேலே குதிக்கிறதுக்கு ஆயிரம் பேரு சொல்லித் தருவான். கீழே வர்றதுக்கு நான் ஒருத்திதான் கத்திக்கிட்டு இருக்கேன். ரெண்டு காலாலயும் இறங்கு, முட்டியை மடக்கி இறங்கு. நெட்டுக்கு அந்தப் பக்கம் காலை நீட்டாதே. அங்கே இறங்குறவன் கால் மேல மிதிச்சுத்தான் பாதிப் பேருக்குக் கணுக்கால் போயிருக்கு." உடம்பைச் சூடேற்றாமல் எடுத்தவுடனே சர்வீஸ் அடிக்கிறவனைக் கண்டால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். "தோள் என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா?" என்பாள். சிமென்ட் தரையில் பயிற்சி வைத்தால் மாஸ்டரோடு சண்டை. உருண்டு கிடக்கும் பந்தை ஓரம் கட்டாமல் ஆடினால் பந்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கே போய்விடுவாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். சிரிப்பார்கள், டேப் ஒட்டிக்கொள்வார்கள், போய் அதையே செய்வார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் யார் பாச்சாவும் பலிக்காது. அடிபட்டவன் திரும்ப ஆட வேண்டுமானால் அவள் மேஜைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, அடிபட்ட காலில் மட்டும் நிற்க வேண்டும். அவள் முப்பது வரை எண்ணுவாள். ஆடாமல் நின்றால் டேப். இருபத்தொன்பதில் தடுமாறினால் கூட "போய் உட்கார்" என்று பெஞ்சைக் காட்டுவாள். மாஸ்டர் கெஞ்சினாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையாது.

அவளுடைய ஒரே மகளைச் சுண்டு என்போம். உருவம் அப்படி. எங்கள் பெண்கள் அணியில் செட்டர். அடிப்பவர்களுக்குப் பந்தை அளந்து தூக்கிக் கொடுக்கும் இடம் அது. குள்ளமாக இருந்தாலும் நெட்டில் அவள் குதிக்கும்போது எனக்கே எழுதுகிற பேனா நின்றுவிடும். அப்பா இல்லாத பெண். படிப்பில் சுமார், பந்தில் சூரப்புலி. அந்தக் கோடையில் ஒரு பெரிய கல்லூரியிலிருந்து ஆள் எடுக்க வருவதாகச் செய்தி வந்தது. எடுத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். இல்லையென்றால் அவளும் எங்களைப் போல வாளிக்குக் கைப்பிடி மாட்ட வேண்டியதுதான். அக்கா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் பழைய பெட்டியைத் தூசி தட்டி, அதன் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சுண்டுவின் வலது கணுக்கால் பிசகியது. ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை. டாக்டர், "ஆறு வாரம் ஆடக் கூடாது. இன்னொரு தடவை இதே இடத்துல போச்சுன்னா தசைநார் அறுந்துடும், அப்புறம் குதிக்கிறதை மறந்துட வேண்டியதுதான்" என்றார். தேர்வாளர்கள் வரும் ஆட்டமோ நாலாவது வாரத்தில்.

ஆட்டத்துக்கு முன்தினம் சுண்டு ஸ்டோருக்கு வந்தாள்.

"மாமா, ஒரு டேப் ரோல் குடுங்க."

"உங்கம்மா பெட்டியில இல்லாததா?"

"அம்மா எண்ணிவெச்சிருப்பாங்க. நீங்க முப்பது வரைக்கும் எண்ணுங்க, நிக்கிறேன். நின்னுட்டா அம்மாகிட்ட சொல்லிடுங்க."

வாளி அடுக்குகளுக்கு நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் எண்ணினேன். பதினேழில் பாதம் நடுங்கியது, கை வாளி அடுக்கைப் பிடித்தது. மறுபடி நின்றாள். பன்னிரண்டு. மூன்றாவது முறை நான் எண்ணவில்லை.

"மாமா, ஒரே ஒரு நாள். நாளைக்கு மட்டும். அப்புறம் ஆறு மாசம் வேணும்னாலும் உட்கார்ந்திருக்கேன்."

அவள் அழுதிருந்தால் கூடத் திட்டி அனுப்பியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரோலை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவள் ஷூ, சாக்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டே மைதானத்துக்கு வந்தாள். அக்கா புருவத்தைத் தூக்கினாள்.

"எங்கடி கிளம்பிட்ட? காலைக் காட்டு."

"நானே கட்டிட்டேம்மா. முப்பதும் நின்னுட்டேன். மாமாதான் எண்ணினாங்க. கேட்டுப் பாருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே குனிந்து மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடினேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இருந்தாலும் அக்கா விட்டிருக்க மாட்டாள், ஷூவைக் கழற்றச் சொல்லியிருப்பாள். அதற்குள் மாற்று செட்டராக இருந்த பெண் பயிற்சியில் பந்தை விரல் நுனியில் வாங்கி அலறினாள். மாஸ்டர் ஓடிப்போய் அந்த விரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். எத்தனை வருடமாக அக்கா தொண்டை கிழியச் சொல்கிறாள், "மடங்கின விரலை இழுக்காதீங்க, ஐஸ் வெச்சுப் பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டுங்க, உள்ளே எலும்பு என்ன ஆச்சோ யாருக்குத் தெரியும்" என்று. இழுத்தே ஆக வேண்டும் அந்த மனுஷனுக்கு. விரல் வாழைப்பூ மாதிரி வீங்கியது. அக்கா மாஸ்டரைத் திட்டிக்கொண்டே அங்கே ஓடினாள். விசில் ஊதிவிட்டார்கள்.

சுண்டு அன்றைக்கு ஆடியதைப் போல இதற்கு முன் ஆடியதில்லை. தேர்வாளர்கள் இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் நோட்டில் எதையோ எழுதி மற்றவரிடம் காட்டினார். ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மாஸ்டர் இரண்டு டைம்-அவுட்டையும் செலவழித்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு பந்துக்காகத் தரையில் சறுக்கிய சுண்டுவின் சாக்ஸ் கீழே இறங்கியது. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் முகம் வெளுத்ததை எதிர்ப்பக்க மேஜையிலிருந்து நான் பார்த்தேன். அவள் ஒட்டும் டேப் எப்போதும் காலின் வெளிப்பக்கம்தான் முடியும். உள்பக்கத்தில் ஆரம்பித்து, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே இழுத்து ஒட்டுவாள். பாதம் உள்ளே மடங்காமல் அது இழுத்துப் பிடிக்கும். சுண்டுவின் காலில் டேப்பின் நுனி உள்பக்கம் இருந்தது. அப்படி ஒட்டினால் டேப்பே பாதத்தை உள்ளே மடக்கும்.

"மாஸ்டர், மாத்துங்க! அவளை வெளியே எடுங்க!"

மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டி உட்காரச் சொன்னார். யாரை மாற்றுவார்? மாற்று செட்டர் விரலில் ஐஸோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா மைதான ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றருகே ஓடிவந்து மகளைக் கூப்பிட்டாள். கூட்டத்தின் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது. பிறகு மைதானத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கையை முன்னால் நீட்டி அழுத்திக் காட்டினாள். மணி.

என் கை மணி மேல்தான் இருந்தது. சொந்தக்காரப் பெண்ணுக்காக ஸ்கோரர் ஆட்டத்தை நிறுத்தினான் என்று வருமே, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே, கேட்டால் பதினேழு என்று சொல்ல வேண்டி வருமே என்று ஓடியது மனம். நடுவர் விசில் ஊதினார். கை அங்கேயே இருந்தது.

எதிரணிப் பெண் அடிக்க எழும்பினாள். சுண்டு தடுக்க எழும்பினாள். பந்து அவள் கையில் பட்டு எதிர்ப்பக்கமே விழுந்தது. எங்களுக்கு ஒரு புள்ளி. எதிரணிப் பெண்ணின் பாதம் நடுக்கோட்டின் மேல் இறங்கியது, அந்தப் பாதத்தின் மேல் சுண்டுவின் வலது கால் இறங்கியது. பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் என் மேஜை வரை கேட்டது. அந்தப் புள்ளியை நான் எழுதினேன். எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா மகளின் காலை மடியில் வைத்துக் கத்தரியால் டேப்பை வெட்டினாள். திட்டவில்லை. அவள் திட்டாததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"இப்படி ஒட்ட யாருடி சொல்லித் தந்தா?"

"உங்களைப் பார்த்துத்தாம்மா. உங்க கை எந்தப் பக்கம் போகுமோ அதே மாதிரிதாம்மா ஒட்டினேன்."

அக்கா எப்போதும் எதிரே உட்கார்ந்துதான் ஒட்டுவாள். வலது காலென்றால் அவள் கை வலமிருந்து இடமாகப் போகும். அது சரி. அதே கை தன் காலில் அதே மாதிரி போனால் தலைகீழ். சின்ன வயதிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்து அம்மாவின் கையையே பார்த்து வளர்ந்த பெண், அச்சு மாறாமல் செய்திருக்கிறாள். அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தசைநார் அறுந்தேவிட்டது. ஆபரேஷன் செய்து ஏழு மாதம் ஆகிறது. சுண்டு இப்போது நடக்கிறாள், படி இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடிப்பாள். கைப்பிடி மாட்டும் பிரிவில் சேர்ந்துவிட்டாள். விரல் வேகம் ஜாஸ்தி என்று மேஸ்திரி பாராட்டுகிறான். பாராட்டாமல் என்ன, செட்டர் விரல் ஆயிற்றே.

அக்கா இன்னமும் மைதானத்துக்கு வருகிறாள். எதிரே உட்கார்வதை விட்டுவிட்டாள். ஆடுபவரின் பக்கத்திலேயே, அவர் பார்க்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, வளைந்து ஒட்டுகிறாள். முதுகு வலிக்கிறது என்று சொல்வதில்லை.

போன வாரம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நடந்துகொண்டே கேட்டாள்.

"எத்தனை வரைக்கும்டா நின்னா?"

ஏழு மாதமாகக் கேட்காதவள்.

"பதினேழு, அக்கா."

"ம். நிஜமா முப்பது எண்ணியிருந்தா என் மூஞ்சியைப் பார்த்துத் தலையாட்டியிருப்பே. நீ குனிஞ்சு பேனாவைத் தேடினே. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு நடை நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா அக்கா விட்டே?"

பெட்டியின் ஒரு காதை அவள்தான் பிடித்திருந்தாள். நான் நின்றதால் அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

"அவ அந்தக் காலேஜுக்குப் போகணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதாடா?" என்றாள்.